சாக்கடையாகிப்போன ஆற்றில் நாலு மீன் பிடித்தால் என்ன கெட்டுவிடும்?

கேள்வி இதுதான்: "கூவமும் அடையாறும் எப்போதோ செத்துப்போன ஆறுகள். கொசஸ்தலை பக்கம் கரண்ட் வைத்தும் மருந்து கலந்தும் திருட்டுத்தனமாக மீன் பிடிக்கிறார்கள் என்கிறார்கள். சாக்கடையில் யாரோ நாலு மீன் பிடித்தால் ஆற்று உயிர்களுக்கு அப்படி என்ன நஷ்டம்? ஞாயிற்றுக்கிழமை நான் தூண்டில் போடுவதும் இதில் சேர்த்தியா?"

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூவத்தைக் கொன்றது வலை இல்லை. 1949இல் கூவத்தின் முகத்துவாரப் பகுதியில் 49 வகை மீன்கள் இருந்ததாகப் பதிவு உண்டு. 1970களின் கடைசியில் அது 21 ஆகிவிட்டது. அப்புறம் நகரத்துக்குள் ஓடும் பகுதியில் மீன் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. சாக்கடையும் கழிவும் சேர்ந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டன. மீனவர்கள் பிடித்துப் பிடித்தே தீர்த்துவிட்டார்கள் என்று யாராவது கூவத்தைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் சென்னையின் ஆறு என்பது நேப்பியர் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தண்ணீர் மட்டும் இல்லை. வடக்கே கொசஸ்தலையாறு இருக்கிறது. 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, வல்லூர் அணைக்கட்டு என்று இறங்கி, எண்ணூரில் கடலைத் தொடுகிறது. அதற்கும் வடக்கே ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அடையாறுகூட நந்தம்பாக்கத்துக்கு மேலே, ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் பக்கம் போனால் வேறு ஆறு. மழை பெய்த ஒரு மாதம் கழித்து அங்கே நின்று பாருங்கள், மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். மீன்கொத்தி சும்மா உட்காராது.

இந்த இடங்களில்தான் மிச்சம் இருக்கிறது. விரால், குறவை, கெளுத்தி, ஆரால், உளுவை, அயிரை, பனையேறிக் கெண்டை, பெயர் தெரியாத பொடி மீன்கள், நன்னீர் இறால், மட்டி, நத்தை, தட்டான் புழு. ஊர் முழுக்கச் சாக்கடை பாய்ந்த பிறகு ஒதுங்கி நிற்கும் கூட்டம் இது. விவசாயி வீட்டில் விதைநெல் கோட்டை எப்படியோ, ஆற்றுக்கு இந்த மடுக்களும் அணைக்கட்டுத் தேக்கங்களும் அப்படி. அடுத்த மழையில் ஆறு நிறையும்போது இங்கிருந்துதான் மறுபடி பரவ வேண்டும். கள்ளத்தனமாக மீன் பிடிப்பவர்கள் வருவதும் இங்கேதான், ஏனென்றால் வேறெங்கும் மீன் இல்லை. நாலு மீன் என்பதை விட்டுவிடுங்கள். எந்த நாலு மீன், எப்போது என்பதுதான் விஷயம்.

சித்திரை, வைகாசியில் கொசஸ்தலையில் பெரும்பாலும் மணல்தான் ஓடும். அணைக்கட்டின் அடிவாரத்தில் மட்டும், தண்ணீர் விழுந்து விழுந்து பறித்த பள்ளத்தில், இடுப்பளவு நிற்கும். பல மைல் ஆற்று மீனும் அந்த ஒரு பள்ளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். கொக்குக்குக்கூட அங்கே பொறுமை தேவைப்படாது. இதே நாட்களில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், மீன் விலை ஏறும். அந்தத் தடை கடலுக்கானது, ஆற்றுக்கு இல்லை. ஆக, ஆற்றில் மீன் சிறைப்பட்டுக் கிடக்கிற அதே இரண்டு மாதத்தில்தான் ஆற்று மீனுக்குக் கிராக்கியும் கூடுகிறது. இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் சரியாக அமைந்திருக்கிறது, கெடுதலுக்கு.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். மீன் கணக்கெடுக்கும் வேலையாக இந்த ஆற்றோரம் பல வருஷம் சுற்றியவன் நான், அதனால் கண்ணால் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

கரண்ட் வைப்பது. ஒரு மாலை, அணைக்கட்டுக்கு மேலே, ஒரு பைக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் முதுகில் பள்ளிக்கூடப் பை. பைக்குள் பேட்டரியும் இன்வெர்ட்டரும். இரண்டு மூங்கில் கழிகள், ஒன்றின் நுனியில் கம்பி வளையமும் அதில் வலையும். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கழிகளை வைத்ததும் இன்வெர்ட்டர் கொசு மாதிரி 'ஙொய்' என்றது. அவ்வளவுதான் சத்தம். கோரைப்புல் ஓரம் ஒரு விரால் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தது, அப்புறம் இன்னொன்று, பிறகு மூன்று கெளுத்தி. கால் மணி நேரத்தில் பை கனத்துவிட்டது, கிளம்பிவிட்டார்கள். பார்த்தால் என்ன பெரிய சேதம் என்றுதான் தோன்றும்.

அவர்கள் போன பிறகு நான் ஒரு வெள்ளைத் தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக அரித்துப் பார்த்தேன். அரை விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள், சில செத்து, சில ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டு. ஒன்றின் முதுகு நடுவில் ஒடிந்த குச்சி மாதிரி கோணியிருந்தது. மின்சாரம் பாயும்போது உடம்பின் தசை அத்தனையும் ஒரே நேரத்தில் சுருண்டு இழுக்கும். அந்த இழுப்பில் முதுகெலும்பே முறியும். தலைப்பிரட்டைகள், பொடி இறால்கள் அடியில் கிடந்தன. பையில் ஏறியது கொஞ்சம், தட்டில் கிடந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. மீன் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அதன் தலைக்கும் வாலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு கூடும். எனவே பெரிய மீன்தான் முதலில் விழும். பெரிய மீன் என்றால் முட்டை போடும் வயதில் இருக்கும் மீன். மின்சாரம் தாயைத் தேடிப் போகிறது என்றே சொல்லலாம். ஆராய்ச்சியாளர்களும் கரண்ட் வைத்து மீன் பிடிப்பார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் அளந்து, விட்டுவிட்டுப் பாயும் நேர்மின்னோட்டம் வைத்து, மயங்கிய மீனைத் தொட்டியில் தெளியவைத்துத் திரும்ப விடுவார்கள். வீட்டு ஃபேன் ஓட்டுகிற இன்வெர்ட்டரை ஆற்றில் விடுவதும் அதுவும் ஒன்றில்லை. அப்புறம், உப்புத் தண்ணீரில் மின்சாரம் மீனைச் சுற்றித் தண்ணீர் வழியாகவே சுலபமாகப் போய்விடும், மீனுக்குள் அவ்வளவாகப் பாயாது. அதனால்தான் எண்ணூர் கழிமுகத்தில் இந்தக் கூட்டத்தை அதிகம் பார்க்க முடியாது, வல்லூருக்கு மேலே நன்னீரில்தான் இவர்கள் வேலை. மின்கம்பியிலிருந்தே கொக்கி போட்டு இழுப்பவர்களும் உண்டு. மீனோடு தானும் போவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

விராலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு அதன்மேல் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. விரால் குஞ்சு பொரித்தால் விட்டுவிட்டுப் போகாது. சிவப்பாக, நெருப்புக் குச்சி நீளம்கூட இல்லாத நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே பந்தாகத் திரளும். மூச்சு விட அத்தனையும் மேலே வரும்போது தண்ணீர் அந்த ஒரு இடத்தில் மட்டும் கொதிப்பது போல இருக்கும். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பக்கத்தில் தவளை வந்தாலும் பாயும், கையை விட்டால் கையைக் கடிக்கும். இந்தப் பாசம்தான் அதற்கு எமன். சிவப்புப் பந்தைக் கண்டால் போதும், அடியில் பெரிய விரால் இருக்கிறது என்று விலாசம் எழுதிவைத்த மாதிரி. கரண்ட் கழியை அங்கே வைத்தால் இரண்டும் வரும். காவல் போன பிறகு அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்களும் நீர்க்காகமும் பார்த்துக்கொள்ளும். எடுத்தது இரண்டு மீன், போனது ஒரு தலைமுறை.

மருந்து வைப்பது இன்னும் மோசம். மீனை மயக்க காக்கைக்கொல்லி விதை, கள்ளிப்பால் என்று செடிகொடிகளைப் பயன்படுத்திய பழக்கம் பழையதுதான். அதைப் புனிதமாக்க நான் தயாரில்லை, ஆனால் இடித்துக் கரைக்க நாள் பிடிக்கும், வற்றுகிற சின்னக் குட்டையில்தான் பலிக்கும். இன்று மளிகைக் கடையில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடர் போதும், இல்லாவிட்டால் வயலுக்கு வாங்கின பூச்சிமருந்தில் மிச்சம். குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும். மூச்சுத் திணறி மேலே வந்து வாயைப் பிளக்கும்போது வாரிக்கொள்ள வேண்டியதுதான். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் வெளுத்துப்போயிருக்கும்.

மருந்துக்கு மீன், புழு என்ற வித்தியாசம் தெரியாது. தண்ணீர் முழுக்கச் சாகும். அதில் தட்டான் புழுவும் உண்டு. தட்டான் தன் இளமையைத் தண்ணீருக்கடியில் கழிக்கிறது, வகையைப் பொறுத்து மாதக்கணக்கில், சில வகைகள் வருஷத்துக்கும் மேலே. அந்த நாட்களில் அது கொசுப்புழுவைத் தின்று வளரும். மருந்து விழுந்த மடுவுக்கு முதலில் திரும்பி வருவது யார் தெரியுமா? கொசு. அதற்குப் பத்து நாள் போதும். தட்டான் வர அடுத்த பருவம் ஆகலாம். கொசுவைத் தின்னும் பொடி மீன்களும் போயாயிற்று. சென்னைக்காரர்களுக்குப் பல்லுயிர் என்றால் புரிகிறதோ இல்லையோ, கொசு என்றால் புரியும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மட்டியின் கதை இன்னும் சுற்றி வளைத்தது. நன்னீர் மட்டியின் குஞ்சு பிறந்ததும் தானாக வாழாது. ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில வாரம் ஓசியில் பயணம் செய்து, பிறகுதான் உதிர்ந்து மண்ணில் இறங்கும். மீன் இல்லாவிட்டால் மட்டிக்கு வாரிசு இல்லை. கிழட்டு மட்டிகள் மட்டும் வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும், பார்க்கிறவர்களுக்கு மட்டி நிறைய இருப்பதாகவே தோன்றும். அந்தக் கிழடுகள் போன பிறகு தண்ணீரை வடிகட்ட ஆள் இல்லை. மீன் பிடித்ததால் தண்ணீர் கலங்கிப்போகும் என்று சொன்னால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள்.

வெடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கல்குவாரி இருக்கும் பக்கங்களில் தோட்டா வெளியே கசிகிறது, அது ஆற்றுக்கும் வருகிறது. வெடிப்பின் அதிர்வில் மீனின் காற்றுப்பை கிழியும். நம் மீன்காரர்கள் நெட்டி என்பது அதைத்தான். நெட்டி கிழிந்த மீனில் பலது மிதக்காது, அடியில் போய்விடும். கரையிலிருந்து அள்ளுகிறவன் தான் கொன்றதில் ஒரு பங்கைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறான்.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வயிறு எரிவது வேறொன்றில். சத்தமில்லை, விஷமில்லை, போலீஸ்காரர் பார்த்தாலும் சிரித்துவிட்டுப் போவார். ஐப்பசியில் முதல் வெள்ளம் இறங்கும்போது, ஏரி நிறைந்து மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கலில் கொசுவலையைக் குறுக்கே கட்டுவது.

புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் ஆராலும் வெள்ளத்தை எதிர்த்து ஏறும். ஏத்து மீன் என்பார்கள். புல் முளைத்த மேட்டுத் தண்ணீரில் முட்டை போடத்தான் இந்த ஓட்டம். கலங்கலின் சறுக்குத் தளத்தில் அவை எகிறி எகிறி விழுவதைப் பார்க்க ஊரே கூடும். அந்த நேரம் ஒவ்வொரு மீனின் வயிறும் உப்பி, லேசாக அழுத்தினாலே முட்டை பிதுங்கும் நிலையில் இருக்கும். மேலே ஏறும் வழி ஒன்றே ஒன்று, அந்த வழியின் அகலம் நமக்குத் தெரியும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வலை. வீச்சு வலைக்காரர் ஒருவர் ஓரமாக நின்று நாலு வீச்சு வீசிவிட்டுப் போனால் ஆற்றுக்கு அது உறைக்காது, மற்றவை ஏறிவிடும். குறுக்கே கட்டினால் ஒன்றும் ஏறாது. மேலே பத்து ஏரி நிறைந்திருக்கும், ஒன்றிலும் அந்த வருஷத்துக் குஞ்சு இருக்காது. முட்டை மீனுக்கு விலை கூட என்பது இதில் கூடுதல் வேடிக்கை.

விலாங்குக்கு இதே தொல்லை தலைகீழாக. அது கடலில் பிறந்து, கண்ணாடி மாதிரி குஞ்சாக ஆற்றில் ஏறி, வளர்ந்து, முட்டை போடக் கடலுக்கே திரும்பும். நன்னீரில் வாழும் பெரிய இறாலுக்கும் குஞ்சுப் பருவத்தில் உவர்நீர் வேண்டும். அணைக்கட்டு ஒரு தடை, மணல் மூடிய முகத்துவாரம் இன்னொரு தடை. இரண்டையும் தாண்டி வந்தவற்றுக்குக் கொசுவலை காத்திருக்கிறது.

கழிமுகத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. எண்ணூரும் பழவேற்காடும் தொட்டில் மாதிரி. வெள்ளை இறால் கடலில் பொரித்து, பொடியாக இங்கே வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். மடவையும் அப்படித்தான். பெண் கழி நண்டு முட்டை விடக் கடலை நோக்கிப் போகும். சிறு கண்ணி வலையில் விழுவது பெரும்பாலும் இந்தக் குழந்தைகள். விற்றால் கருவாட்டுக் கூறில்கூட நல்ல விலை வராது, பாதி கோழித் தீவனத்துக்குப் போகும். அதே இறாலை இரண்டு மூன்று மாதம் விட்டிருந்தால் கிலோ விலைக்குப் போயிருக்கும்.

கொடுவாவைப் பாருங்கள். அது முதலில் ஆணாகப் பருவத்துக்கு வரும். சில வருஷம் கழிந்து, பல கிலோ எடை ஏறிய பிறகுதான் பெண்ணாக மாறும். கால் கிலோ, அரைக் கிலோவில் எல்லாவற்றையும் வாரிவிட்டால் பெண் என்று ஒன்று உருவாகவே வாய்ப்பில்லை. ஓட்டலில் ஒரு தட்டுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று குட்டிக் கொடுவாவைக் கேட்டு வாங்குகிறோமே, அங்கே நடப்பது இதுதான்.

ஆனால் இந்த இடத்தில் எல்லாப் பழியையும் வலை போடுகிறவர் தலையில் கட்டினால் அது அநியாயம். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்து படிந்து ஆழம் குறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்துக்கு வந்து, அலையாத்திச் செடிகளின் வேரிலும் வலையிலும் படகிலும் அப்பிக்கொண்டது. மீன் சிறுத்துக்கொண்டே போனால் வலையின் கண்ணியும் சிறுக்கத்தான் செய்யும். பேராசை மட்டும் இல்லை, வீட்டில் உலை வைக்க வேண்டுமே.

அதுவும் போக, இந்தத் தண்ணீரில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இங்குள்ளவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று கிராமத்தார் உட்கார்ந்து சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று உன் முறை, நாளை என் முறை. எல்லாரும் எல்லா நாளும் எல்லா இடத்திலும் வாருவது கிடையாது. எண்ணூர்ப் பக்கம் இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள், பிடித்த இறால் நேராக அதற்குள். கைக்கு அகப்படும் பெரியது மட்டும்தான் வரும், பொடி நழுவிவிடும். பாடு முறையில் எல்லாச் சாதிக்கும் இடம் கிடையாது, இருளர்கள் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊர்க் கட்டுப்பாட்டில் நல்லதும் இருக்கும், கோணலும் இருக்கும். ஆனால் மேலே யாரோ மருந்து கலந்தால் முதலில் வெறுங்கையோடு கரையேறுவது இந்தப் பெண்கள்தான்.

சரி, இத்தனைக்குப் பிறகும் ஆற்றில் மீன் தெரிகிறதே என்பீர்கள். தெரியும். என்ன மீன் என்று பாருங்கள். ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி, டாங்க் கிளீனர். ஜிலேபி 1952இல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். முட்டையைத் தாய் வாயிலேயே வைத்து அடைகாக்கும், சில மாதத்தில் அடுத்த ஈடு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் கோழிக் கழிவைப் போட்டுத் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள், வெள்ளத்தில் குட்டை உடைந்தால் ஆற்றுக்கு வந்துவிடுகிறது. காற்றையே சுவாசிக்கும், எதிரே வந்ததைத் தின்னும். டாங்க் கிளீனர் வீட்டுத் தொட்டியில் அழுக்குத் தின்னட்டும் என்று கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் வாங்கிவந்து, பெரிதானதும் பாவம் பார்த்து ஏரியில் விட்டது. உடம்பெல்லாம் கவசம், வலையைக் கிழிக்கும், கரையைக் குடைந்து முட்டை வைக்கும்.

மருந்து போட்டு ஒரு மடுவைத் துடைத்தால் நாட்டு மீன் திரும்பி வர ஒரு நல்ல மழையும், மேலே ஏற ஒரு திறந்த வழியும், உயிரோடு ஒரு தாயும் வேண்டும். ஜிலேபி முதலான அந்த மூன்று வெளியூர் மீன்களுக்கும் இதெல்லாம் ஒன்றும் வேண்டாம். சாக்கடைத் தண்ணீர்கூட போதும். காலி மனையில் வேலிக்கருவை முளைக்கிற மாதிரி வந்து உட்கார்ந்துவிடும். ஆக, எண்ணிக்கையில் மீன் குறைந்ததாகத் தெரியாது, வகைகள்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கீழே எண்ணூர், பழவேற்காட்டில் இதே வேலையைக் காக்கா ஆழி செய்கிறது. தென் அமெரிக்கப் பக்கத்து மட்டி, கப்பலோடு வந்து சேர்ந்தது. சேற்றின்மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும். அதன்பிறகு இறால் புதைய இடமில்லை, தடவுகிற கையையும் அறுக்கும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை இந்திய மீன்வளச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேயே குற்றமாக்கிவிட்டது. அதில் எழுதிய தண்டனை இரண்டு மாதச் சிறை, அல்லது 200 ரூபாய் அபராதம். அன்றைக்கு அது பெரிய காசு, இன்றைக்கு அரைக் கிலோ விரால். கரண்ட் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, வீட்டுக்கு வீடு மின்சாரம் வராத காலம். மாநிலங்கள் விதி போட்டுக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். வெடி என்றால் 1908ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அது கொஞ்சம் கடிக்கும்.

நடைமுறை வேறு. ஒருமுறை மருந்து கலந்த மடுவைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனேன். ஆறு ஒரு துறை, ஆற்றிலுள்ள மீன் இன்னொரு துறை, தண்ணீர் கெட்டால் மூன்றாவது துறை என்று சொல்லி, ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்துக்கு வழி காட்டியது. மூன்றாவது இடத்தில் சாப்பாட்டு நேரம். மடுவில் அதற்குள் நாற்றமே அடங்கிப்போயிருந்தது. ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடுவது, ஒரு தனிச் சிக்கல். குத்தகை முடிகிற மாதத்தில், அடுத்தவனுக்கு ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று அடியோடு வாரிவிடுகிறார்கள். ஏலத் தொகையை உயர்த்துவதில் காட்டும் அக்கறையில் கொஞ்சம், வலைக் கண்ணி இவ்வளவுக்குக் குறையக் கூடாது, கலங்கலில் வலை கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதி அமல்படுத்துவதில் காட்டினால், பாதிப் பிரச்சினை பேப்பரிலேயே தீரும். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம், மழை தொடங்கும் முதல் மூன்று வாரம் கலங்கலில் ஒரு காவல் ஆள் போதும் என்பது என் கட்சி.

நீங்கள் நேரில் பார்த்தால் தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், கரண்ட் யாரையும் பார்த்துப் பாயாது. சண்டைக்கும் போகாதீர்கள். தூரத்திலிருந்து இடம், நேரம், வண்டி எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு 112க்குச் சொல்லுங்கள், மீன்வளத்துறையின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு ஒரு எண் கிடைக்கும், அந்த எண்ணுக்கு ஒரு பதில் வந்தே ஆக வேண்டும். தனியாளாகப் போவதைவிட ஊர்க்காரர் நாலு பேரோடு போனால் நாற்காலி கிடைக்கும்.

வாங்கும்போதும் கொஞ்சம் பாருங்கள். ஆற்று மீனைக் கழுவும்போது வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருந்தால், நெட்டி கிழிந்திருந்தால், முதுகெலும்பை ஒட்டிக் கறுத்த ரத்தக் கோடு இருந்தால், அது வலையில் வந்த மீனாக இருக்க வாய்ப்புக் குறைவு. செவுள் வெளுத்திருந்தால், பழைய மீனாக இருக்கலாம், மருந்து மீனாகவும் இருக்கலாம், இரண்டும் வேண்டாம். மீன்கார அம்மாவிடம் கோபப்படாதீர்கள். "எந்தத் தண்ணி மீனுக்கா?" என்று வாரா வாரம் கேளுங்கள், போதும். கேட்கிற வாடிக்கையாளருக்கு அவர்கள் வேறு கூடையிலிருந்து எடுத்துத் தருவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உங்கள் தூண்டில். ஒரு தூண்டில், ஒரு மண்புழு, ஒரு ஞாயிற்றுக்கிழமை: இதனால் ஆறு கெடாது. குத்தகை ஏரியாக இருந்தால் குத்தகைதாரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர்த்தேக்கங்களில் மதகுப் பக்கம் போகாதீர்கள். சிவப்புக் குஞ்சுப் பந்து தெரிகிற இடத்தில் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வயிறு உப்பின மீன் மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்துத் திரும்ப விடுங்கள், உலர்ந்த கை பட்டால் மேலே உள்ள வழுவழுப்புப் போய்ப் புண்ணாகும். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பாம்புத்தாராவும் ஆமையும் அதில் சிக்கிச் சாகின்றன. ஜிலேபி எத்தனை வேண்டுமானாலும் பிடியுங்கள், குழம்புக்கு நன்றாகவே இருக்கும், நல்ல தண்ணீரில் பிடித்ததாக இருந்தால். டாங்க் கிளீனர் மாட்டினால் மட்டும் பாவம் பார்த்துத் தண்ணீரில் போடாதீர்கள். செத்துவிட்டது என்று நினைத்துக் கரையோரம் விட்டுவிட்டும் போகாதீர்கள். அது வெளியே மணிக்கணக்கில் மூச்சு வைத்திருக்கும், நீங்கள் பைக்கை எடுப்பதற்குள் நெளிந்து நெளிந்து உள்ளே போய்விடும்.